தேங்காய்ப்பூச் சக்கையில் மாவும் தானியமில்லாப் பான்கேக்கும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் தேங்காய் திருவாது பொழுது விடியும் வீடு அரிது. காலையில் இடியப்பத்துக்குச் சொதி, நண்பகலில் மீனாணம், மாலையில் கஞ்சி அல்லது பாயசம் என யாவற்றுக்கும் பால் வேண்டும். பால் பிழிந்தபின் எஞ்சும் பூவை என் செய்வதென்று எவரும் சிந்திப்பதில்லை. அது முற்றத்துக் கோழிக்கு வீசப்படுகின்றது. கோழி இல்லாத வீட்டில் குப்பைக் குழிக்குச் செல்கின்றது. 2024 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் கடைகளில் ஒரு தேங்காய் 200 ரூபாயை எட்டிய காலத்திலும் இவ்வழக்கம் மாறவில்லை.

பிழிந்த பூவில் எஞ்சியிருப்பது வெறுஞ்சக்கையென்று கருதுதல் தவறு. அதனை முறையாக உலர்த்தி அரைத்தால் கிடைப்பது தேங்காய் மா. வெளிநாட்டுக் கடைகளில் இம்மா சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு, கோதுமை மாவின் விலையிலும் பன்மடங்கு உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றது. அங்கு இதனை விரும்பி வாங்குவோர் தானியம் சேராத பான்கேக் முதலிய பண்டங்களைச் சுடுகின்றனர். அவ்வாறு விலை கொடுத்து வாங்கப்படும் பொருளே அம்பாறைக் கரையோரத்தில் நாள்தோறும் கோழிக்கு வீசப்படுகின்றது.

தானியமில்லா உணவென்றவுடன் நெற்செய்கைக்காரர் முகஞ்சுளித்தல் இயல்பே. கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கப்பெற்று, சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் வயல்களுக்குப் பாயத் தொடங்கிய காலந்தொட்டு இம்மாவட்டம் இலங்கையின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. இங்கு சோற்றை ஒதுக்கிவைக்குமாறு எவரும் கூறார். ஈண்டுச் சொல்லப்படுவது சோற்றுக்குப் போட்டியான பண்டமன்று. காலையிலும் மாலையிலும் சிற்றுண்டியாகப் பயன்படும் கோதுமை மாவின் இடத்தை ஒரு சிலருக்கு ஒரு சில வேளைகளில் நிரப்பக்கூடிய ஒன்றாகும்.

கோதுமை வந்த வழி

கோதுமை இலங்கையில் விளையும் பயிரன்று. மா திருகோணமலையில் அரைக்கப்படினும் தானியம் கப்பலில் வந்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டு அரிசி போதாத நிலையில் கோதுமை மாவும் பாணும் ஊர்ப்புற அடுக்களைகளினுள்ளும் புகுந்தன. போர் முடிந்தும் அவை வெளியேறவில்லை. ரொட்டி, பராட்டா, பாண், நோன்பு திறக்கும் வேளையில் உண்ணும் சமூசா, ரோல்ஸ் என இன்று இக்கரையோரத்தின் சிற்றுண்டிகளிற் பெரும்பகுதி கோதுமையை நம்பியே உள்ளது.

இந்நம்பிக்கை எவ்வளவு மெலிந்ததென்பதை 2022 ஆம் ஆண்டு காட்டிற்று. அதற்கு முந்திய ஆண்டின் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியபோதிலும் 2021/22 பெரும்போகப் பயிருக்குக் காலம் கடந்துவிட்டது. நெல் விளைவு நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. அதே வேளையில் அந்நியச் செலாவணி தீர்ந்து, கோதுமை மாவின் விலை சில மாதங்களுள் பன்மடங்காயிற்று. பேக்கரிகள் பல அடுப்பணைத்தன. வட்டையில் நெல்லும் கடையில் மாவும் ஒருங்கே குறைந்த அவ்வாண்டில், பிழிந்த பூ மட்டும் வழமைபோலக் குப்பைக்குச் சென்றுகொண்டிருந்தது.

இம்மாவின் இயல்பு

முற்றிய தேங்காயின் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர். மூன்றிலொரு பங்கு எண்ணெய். பால் பிழியும்போது இவ்விரண்டில் ஒரு பகுதியே வெளியேறுகின்றது. நார்ப்பொருள் முழுவதும், புரதத்தின் ஒரு பங்கும், கணிசமான எண்ணெயும் சக்கையில் தங்குகின்றன. தொழிற்சாலைகளில் எண்ணெயை நன்கு நீக்கிய பின்னரே மா அரைக்கப்படுவதால் அது வெண்மையாகவும் நொய்தாகவும் இருக்கும். வீட்டு மா சற்றுப் பரும்படியாகவும் எண்ணெய்ப் பசையுடனும் இருக்கும். சுவையில் வீட்டு மாவே மேலானது. ஆயினும் எண்ணெய் மிகுதியால் அது விரைவிற் காறிப் போகும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாது பிறநாட்டு நூல்களிற் காணும் அளவுகளை அப்படியே பின்பற்றுவோர் முதன்முறை தோல்வியுறுவர்.

இம்மாவைப் பற்றிய குறிப்பிடத்தக்க ஆராய்ச்சி பிலிப்பைன்ஸ் நாட்டின் உணவு, போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தில் நிகழ்ந்தது. திரினிடாட் என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் செய்த ஆய்வு 2003 இல் பிரித்தானியப் போஷாக்கு ஆய்விதழில் வெளியாயிற்று. நூறு கிராம் தேங்காய் மாவில் ஏறக்குறைய 60 கிராம் நார்ப்பொருள் இருத்தலையும், பேக்கரிப் பண்டங்களில் இம்மாவின் பங்கு கூடக்கூட, உண்டபின் குருதியிற் குளுக்கோசு உயரும் வேகம் தணிதலையும் அவர்கள் கண்டனர். நீரிழிவுடையோரும் இல்லாதோரும் அவ்வாய்விற் பங்குகொண்டனர். எனினும் அவர்கள் கொடுத்த பண்டங்களில் கோதுமையும் கலந்திருந்தது என்பது மறக்கற்பாலதன்று. தேங்காய் மா நீரிழிவைத் தீர்க்கும் மருந்தென்று சந்தையிற் கூறித் திரிவோரின் பேச்சு இவ்வாய்விலிருந்து பெறப்படுவதன்று.

இலங்கையில் வயது வந்தோருள் ஐந்தில் ஒருவருக்குக் குறையாதோர் நீரிழிவுடையோர் என 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த நாடளாவிய ஆய்வு காட்டியது. ஆகவே மூத்தம்மா ஒருவரேனும் வெள்ளைப் பாணையும் சீனித் தேநீரையும் விலக்கி வைக்கப் பணிக்கப்படாத குடும்பம் இன்று குறைவு. விலக்கச் சொல்வது எளிது. அவ்விடத்தில் எதனை வைப்பதென்பதே வீட்டுப் பெண்களுக்குள்ள இடர்ப்பாடு. அவ்விடத்தில் வைக்கத்தக்க பண்டங்களுள் ஒன்றாகவே இப்பான்கேக் கொள்ளப்படல் வேண்டும்.

மா தயாரித்தல்

காய் நன்கு முற்றியதாயிருத்தல் வேண்டும். இளங்காயின் பூவிற் பால் குறைவு, மாவும் குறைவு. முளைவிட்ட காயும் உள்ளே நிறம் மாறிய காயும் ஆகா. திருவலையில் திருவும்போது சிரட்டை வரை சுரண்டாது வெள்ளைப் பகுதியோடு நிறுத்துதல் நன்று. கபிலத் தோல் கலந்தால் மா நிறமிழப்பதோடு சிறு கசப்பும் பெறும். ஆணத்துக்கு அது தெரியாது, பான்கேக்கில் தெரியும்.

முதற்பாலை வழக்கம்போல இளஞ்சூட்டு நீரிற் பிழிந்து கறிக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை நன்கு கொதித்த நீரைப் பூவின்மேல் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் தூய பருத்தித் துணியில் முறுக்கிப் பிழிய வேண்டும். வெந்நீரால் இரு பயன் உண்டு. எண்ணெய் மேலும் வெளியேறும். பூவிற் படிந்துள்ள கிருமிகளும் குறையும். இரண்டாவது பயனைச் சிறிதென எண்ணலாகாது. 1950 களில் இலங்கையிலிருந்து ஏற்றுமதியான உலர்த்திய தேங்காய்த் துருவலில் சல்மொனெல்லா என்னும் வயிற்றோட்டக் கிருமி வெளிநாடுகளிற் கண்டறியப்பட்டு, அத்தொழில் பெருஞ் சங்கடத்துக்குள்ளாகியது. தேங்காயைச் சூட்டினாற் பதப்படுத்தும் ஒழுங்குகள் அதன் பின்னரே இறுக்கமாயின. ஈரத்தோடு கூடிய தேங்காய்ப்பூ, நோய்க்கிருமி வளர்வதற்கு ஏற்ற நிலமென்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

பிழிந்த சக்கையை வைத்திருக்கலாகாது. கரையோரத்து வெப்பத்திற் சில மணி நேரத்துள் அது புளிக்கத் தொடங்கும். புளித்த சக்கையை எவ்வளவு உலர்த்தினும் மாவில் அம்மணம் நீங்காது. அன்று உலர்த்த இயலாதெனின் குளிர்சாதனப் பெட்டியின் உறைகூட்டில் வைத்து மறுநாள் எடுத்தல் தகும்.

உலர்த்துவதற்கு வெயிலே மலிவான அடுப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில், விரல் நகத் தடிப்புக்கு மேற்படாது பரப்பிய சக்கை ஒரு பகலிலோ ஒன்றரைப் பகலிலோ காய்ந்துவிடும். மணிக்கொருமுறை கிளறி விடல் வேண்டும். ஆயின் அக்காற்றே பகையுமாகும். கடற்கரை மணல் மிக நுண்ணியது. சக்கையில் ஒருமுறை படிந்தால் எந்த அரிதட்டாலும் பிரிக்க முடியாது, பல்லில் நறநறக்கும். ஆதலின் நிலத்திற் பாய் விரித்து உலர்த்தாது, மேசை அல்லது கட்டிலின்மேல் தட்டில் வைத்து, மெல்லிய வெண்துணியால் மூடி, துணியின் விளிம்புகளுக்குப் பாரம் வைத்தல் வேண்டும். கோழி, ஆடு, காகம் ஆகியவற்றிடமிருந்து காப்பதற்கும் இதுவே வழி. மாலையில் உள்ளே எடுக்காமல் விட்டால் இரவுப் பனியில் மீண்டும் ஈரம் ஏறும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யுங் காலத்தில் வெயிலை நம்புதல் வீண். அப்போது அடிதடித்த தாச்சியில், மிகக் குறைந்த தீயில், அகப்பையை எடுக்காது கிளறி உலர்த்தலாம். இரண்டு காயின் சக்கைக்கு அரை மணி நேரமளவு செல்லும். நிறம் பொன்னிறமாக விடலாகாது. நிறம் மாறினால் அது வறுத்த பூ, சம்பலுக்கு உதவும், மாவுக்கு உதவாது. மின்னடுப்பு உள்ளோர் 70 அல்லது 80 பாகை செல்சியசு வெப்பத்தில், கதவைச் சிறிது திறந்து வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தலாம்.

காய்ந்ததை அறிய எளிய சோதனை உண்டு. ஒரு பிடியை அள்ளி இறுகப் பொத்தித் திறந்தால் கட்டியாக நில்லாது உதிர்ந்து விழ வேண்டும். காதருகே வைத்துத் தேய்த்தாற் சருகுபோல ஒலிக்க வேண்டும். உலர்த்தும் நாட்களில் மஞ்சளோ பச்சையோ கருமையோ ஆன பூஞ்சணப் புள்ளி ஒன்று தோன்றினும் முழுவதையும் எறிந்துவிடல் வேண்டும். புள்ளியை மட்டும் பொறுக்கி எடுத்து மிகுதியைப் பயன்படுத்தும் சிக்கனம் ஆபத்தானது. கொப்பராவில் வளரும் மஞ்சட்பச்சைப் பூஞ்சணம் அஃபிளாதொட்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்குவது, சமைப்பதால் அழிவதுமன்று. அத்தகைய சக்கை கோழிக்கும் ஆகாது.

அரைக்கும்போது விட்டு விட்டு அரைக்க வேண்டும். வீட்டு அரைக்கும் பொறியைத் தொடர்ச்சியாக ஓட்டினால் சூடேறி எண்ணெய் கசிந்து, மா பசையாகத் திரளும். பத்து விநாடி ஓட்டி, நிறுத்தி, கிளறி, மீண்டும் ஓட்டுதல் முறை. உரலில் இடிப்போர்க்கு இத்தொல்லை இல்லை. கை வலி மட்டுமே உண்டு. பின்னர் மா அரிதட்டில் அரித்து, மேலே தங்கும் பரும்படியை இன்னொருமுறை அரைக்கலாம், அல்லது கோழிக்கு இடலாம். கோழிக்குச் சேரவேண்டிய பங்கை முற்றாகப் பறித்தல் இங்கு நோக்கமன்று. பின்னர்க் காணப்போவதுபோல இப்பண்டத்துக்கு முட்டை இன்றியமையாதது.

ஊர் மில்லுக்குக் கொடுத்து அரைப்பிக்க விரும்புவோர் இரண்டினை எண்ணல் வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள சக்கை அங்குள்ள கல்லில் ஒட்டிக்கொள்வதால் மில்காரர் விரும்பார். அதனினும் பெரிய காரணம், அதே கல்லிற் கோதுமையோ குரக்கனோ மிளகாயோ முன்னர் அரைபட்டிருக்கும் என்பதாகும். கோதுமை சிறிதும் ஒவ்வாத உடல்நிலை உடையோருக்காக மா செய்யப்படுமாயின் மில் அறவே கூடாது.

இரண்டு நடுத்தரக் காய்களின் சக்கையிலிருந்து ஒரு தேநீர்க் கோப்பை மா கிடைத்தால் அது குறையன்று. நன்கு ஆறியபின் ஈரமற்ற கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வைத்தால் ஏறக்குறைய மூன்று நான்கு வாரம் கெடாதிருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் நெடுநாள் இருக்கும். திறந்தவுடன் காறல் மணம் வீசினால் எறிந்துவிடுக. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் நாள்தோறும் கஞ்சி காய்ச்சப்படுவதால் பிழிந்த பூ மிகுதியாகச் சேரும். அம்மாதம் வெயிற் காலத்தில் வரும் ஆண்டுகளில் ஓரிரு மாதத்துக்கான மாவை அப்போதே தேடிக்கொள்ளலாம்.

மாவுக்கென்றே காய் வாங்கி உடைத்தல் மட்டும் வேண்டா. பால் வேண்டி உடைத்த காயின் மிச்சத்தில் வருவதால்தான் இம்மா இலாபமானது.

பான்கேக்கும் முட்டையும்

இப்பகுதித் தேநீர்க்கடைகளிற் பான்கேக் என்று விற்கப்படுவது மெல்லிய கோதுமை மா அடையில் பாணி கலந்த தேங்காய்ப்பூவை வைத்துச் சுருட்டிய பண்டமாகும். தேங்காய் மாவில் அதனைச் செய்ய முயல்வோர் ஏமாற்றமடைவர். சுருட்டும்போதே அது முறிந்துவிடும். காரணம் எளிது. கோதுமையில் குளுட்டன் என்னும் பசைப்புரதம் உண்டு. நீர் பட்டவுடன் அது இழையாகி மாவைப் பிணைக்கின்றது. அரிசியிற் பசைப்புரதம் இல்லை. ஆயினும் அதன் மாப்பொருள் சூட்டில் வெந்து இறுகுவதால் அப்பமும் தோசையும் உருப்பெறுகின்றன. தேங்காய் மாவில் முன்னையது இல்லை, பின்னையதும் இல்லையென்னுமளவு குறைவு. அது நாராலான பஞ்சு போன்றது. தன்னிலும் மிகுந்த நிறையுள்ள நீரை உறிஞ்சும், எதனையும் பிணைக்காது.

பிணைக்கும் வேலையை முட்டையே செய்ய வேண்டும். இஃது இக்கரையோர மக்களுக்குப் புதிய செய்தியன்று. பெருநாட்களில் ஆக்கப்படும் வட்டிலப்பத்தில் அரிசியும் இல்லை, கோதுமையும் இல்லை. முட்டையும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்ந்து ஆவியில் இறுகி உருக்கொள்கின்றன. தேங்காய் மாப் பான்கேக்கை, சிறிது மா சேர்த்துக் கல்லிற் சுட்ட வட்டிலப்பத்தின் உறவெனக் கொண்டால் அதன் போக்கு விளங்கிவிடும்.

ஆறு சிறு பான்கேக்குக்கு வேண்டியவை வருமாறு: அரித்த தேங்காய் மா 4 மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 30 கிராம், முட்டை 3, இரண்டாம் பால் 60 மில்லிலீற்றர் முதல் 100 மில்லிலீற்றர் வரை, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்த்தூள் சிறிது, கல்லிற் பூசத் தேங்காயெண்ணெய். இனிப்பு வேண்டுவோர் கனிந்த கதலிப்பழம் ஒன்றைக் கட்டியின்றி மசித்துச் சேர்க்கலாம். பழம் பிணைப்புக்கும் உதவும். நீரிழிவுடையோர்க்குச் சுடும்போது பழத்தையும் கருப்பட்டியையும் விலக்குதல் நன்று. கித்துட் கருப்பட்டி சீனியன்று, ஆகவே தீங்கு செய்யாது என்ற எண்ணம் ஊர்களிற் பரவியிருப்பினும் அது உண்மையன்று.

முட்டைகளை உப்புடன் நன்கு நுரைக்க அடித்து, 60 மில்லிலீற்றர் பால் சேர்த்து, மாவையும் ஏலக்காய்த் தூளையும் அதில் தூவிக் கட்டியின்றிக் கலக்க வேண்டும். உடனே கல்லில் ஊற்றலாகாது. பத்து நிமிடம் மூடி வைத்தால் மா பாலை உறிஞ்சித் தடிக்கும். அதன்பின்னரே பதம் பார்த்தல் வேண்டும். கரண்டியைச் சரித்தாற் கலவை தானாக ஓடாது, மெல்லத் தட்டினால் ஒரு திரளாக விழுமாயின் பதம் சரியானது. அதனினும் தடித்திருந்தால் எஞ்சிய பாலைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு வீட்டு மாவும் ஒவ்வோரளவு பால் கொள்ளுமாதலால் இவ்விடத்திற் கண்ணே அளவுகோல். கடைசியாக அப்பச்சோடாவையும் தேசிக்காய்ச் சாற்றையும் இட்டு ஒருமுறை கலக்கி, தாமதியாது சுடத் தொடங்க வேண்டும். புளிப்பும் சோடாவும் சேர்ந்தெழுப்பும் குமிழிகள் நெடுநேரம் நில்லா.

தோசைக்கல்லை நன்கு காயவைத்து, எண்ணெய் பூசி, பின்னர்த் தீயைக் குறைத்து விடுக. ஒரு மேசைக்கரண்டி நிறையக் கலவையை இட்டு, கரண்டியின் முதுகால் உள்ளங்கையளவுக்குப் பரப்பி, மூடியால் மூடி வைக்க வேண்டும். மூன்று நிமிடமளவிற் சுற்றோரம் ஈரப்பளபளப்பு நீங்கி மங்கும். அது காணுமுன் தட்டகப்பையை உள்ளே செலுத்துதல் பான்கேக்கைக் கெடுக்கும் முதற் காரணமாகும். ஓரம் மங்கியபின் ஒரேயொரு முறை திருப்பி, மறுபக்கம் ஒன்றரை நிமிடம் விட்டு இறக்கலாம்.

பெரும் வட்டமாக ஊற்றுவோர் திருப்பும்போது உடைத்துக்கொள்வர். தீ கூடினால் புறம் கருகி அகம் ஈரமாயிருக்கும். கோதுமை மாவிலும் பார்க்க இது விரைவிற் கருகும். சுட்டபின் மணல்போல உதிர்ந்தால் மா மிகுதி அல்லது பால் குறைவு என்பதும், முட்டைப் பொரியல்போற் சவ்வாக இருந்தால் மா குறைவு என்பதும் பொருள். தொண்டையில் அடைப்பதுபோல இருந்தால் மா சரியாக அரிக்கப்படவில்லை. முதலாவது பான்கேக் பெரும்பாலும் சரிவராது. அதனைக் கொண்டு தீயையும் பதத்தையும் திருத்திக்கொண்டால் எஞ்சிய ஐந்தும் சரியாக வரும்.

முட்டையின் விலை பலரைத் தயங்கச் செய்யும். மா செலவின்றி வந்தாலும் மூன்று முட்டைக்குப் பணம் வேண்டும் என்பது நியாயமான முறைப்பாடு. ஒரு முட்டையைக் குறைக்க விரும்புவோர் அதற்கீடாக இரண்டு மேசைக்கரண்டி மரவள்ளி மாவைச் சேர்க்கலாம். மரவள்ளி கிழங்காதலால் பண்டம் தானியமில்லாததாகவே இருக்கும், பிணைப்பும் வரும். ஆயின் அது பெரும்பாலும் மாப்பொருளேயாதலால் நீரிழிவுடையோருக்குச் சுடுவதன் பயன் குன்றிப்போகும். முட்டையை முற்றாக விலக்கிச் சுடுதல் முயற்சிக்குத் தகாதது. எட்டுப் பேருள்ள குடும்பம் முழுவதும் நாள்தோறும் இதனையே காலையுணவாகக் கொள்ளுதலும் செலவுக்குக் கட்டுப்படாது. பாண் விலக்கப்பட்ட ஒருவருக்கு, கோதுமை ஒவ்வாத ஒரு பிள்ளைக்கு, மா கிடையாத ஒரு வாரத்துக்கு என இதனை அளவறிந்து பயன்படுத்துதலே பொருத்தம்.

தோட்டத்துக் காய்கறியுடன்

இனிப்பின்றிச் செய்யும் வகை இப்பகுதிக்கு இன்னும் ஏற்றது. ஏலக்காயையும் பழத்தையும் நீக்கி, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு பிடி முருங்கையிலை ஆகியவற்றைக் கலவையிற் சேர்த்துச் சுட்டால் மீனாணத்தோடும் சம்பலோடும் உண்ணலாம். பூசணிக்காயைத் துருவிச் சேர்ப்போர் அதன் நீரை உப்பிட்டுப் பிழிந்து விடல் வேண்டும். இல்லையேற் கலவை நீர்த்துப் பதம் தவறும். சந்தைக்கு அனுப்பத் தகாது கழிக்கப்பட்ட சிறு காய்கறிகள் தோட்டக்காரர் வீடுகளில் எப்போதும் இருக்கும். அவற்றுக்கும் இது ஒரு வழி.

உண்போர் அறியவேண்டியவை

நார்ப்பொருள் மிகுந்த உணவைப் பழகாத வயிறு முதல் நாளில் உப்பிசம் காட்டும். ஒன்று இரண்டென உண்ணத் தொடங்கி, தண்ணீர் மிகுதியாகக் குடித்தல் வேண்டும். வீட்டு மாவில் எண்ணெய் எஞ்சியிருப்பதாலும், அவ்வெண்ணெய் பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பாதலாலும், இதய நோயாளர் இதனை எப்போதாவது உண்ணும் பண்டமாகக் கொள்ளுதல் தகும். நீரிழிவுக்கு மாத்திரை உண்போரும் இன்சுலின் ஏற்றுவோரும் பாணை விடுத்து இதற்கு மாறும்போது உணவின் மாப்பொருள் சடுதியாகக் குறையுமாதலால், மருந்தின் அளவைப் பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். நோன்பு நோற்போர் ஸஹர் வேளையில் இதனை உண்ண எண்ணினால் இவ்வறிவுறுத்தல் இன்னும் முக்கியமாகின்றது. பகல் முழுதும் குளுக்கோசு மிகத் தாழ்ந்துவிடும் ஆபத்து அவர்களுக்கு உண்டு.

சுட்ட பான்கேக் ஆறினாலும் கெட்டியாவதில்லை.  வயலுக்குக் கட்டிக்கொண்டு செல்வோர் இரண்டிரண்டாக வாழையிலையிற் பொதிதல் நன்று. கலவை எஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு வைக்கலாம். மறுநாள் அது மேலும் தடித்திருக்குமாதலால் ஒரு கரண்டி பால் ஊற்றிக் கலந்து, புதிதாக ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் சில துளி தேசிக்காய்ச் சாறும் இட்டுச் சுட்டுக்கொள்க.